வழி கேட்கும் மனிதர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோகவில்லை. அந்தப் பெயரை இந்த வீட்டில் வேண்டியமட்டும் சொல்லியாகிவிட்டது; நான் வேறு எழுதி வைக்க வேண்டுமா? நோர்வேக்காரர் என்றால் போதும்.

பிறந்தது யாழ்ப்பாணத்தில்தான். ஒன்பது வயதில் தகப்பனோடு நோர்வேக்குப் போனவர், முப்பது வயதில் மூன்று கிழமை லீவில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லை, ஆகவே கொழும்பு. கொழும்பில் அவருக்கு ஒரு தெருவும் தெரியாது. சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. அப்படி வருகிற மற்றவர்கள் ஒரு வான் வண்டியையும் ட்ரைவரையும் பிடித்துக்கொண்டு பின் சீற்றில் சாய்ந்திருப்பார்கள். இந்த மனிதர் ட்ரைவர் வேண்டாம் என்று சொல்லி, ஒரு வெள்ளை ஜப்பான் காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சண்டைக் காலம். சந்திக்குச் சந்தி மணல்மூட்டை, துவக்கோடு ஆமிக்காரர், அடையாள அட்டைச் சோதனை. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழன்கூடக் காரை வெளியே எடுக்க இரண்டு தரம் யோசித்த காலம் அது.

கொட்டாஞ்சேனையில் அவருடைய மாமி வீட்டு வாசலில் அந்தக் கார் வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காரின் முன்கண்ணாடியில் வைப்பர்கள் இரண்டும் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய நாட்டுக் காரில் சிக்னல் போடுகிற கைபிடி இருக்கும் பக்கத்தில் எங்கள் காரில் வைப்பர் இருக்கிறது. மூன்று கிழமையும் அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பரைப் போட்டார், "ஐயோ சொறி" என்று காரிடம் மன்னிப்புக் கேட்டார், பிறகு சிக்னலைப் போட்டார்.

"எப்பிடித் தம்பி வழி தெரிஞ்சது?" என்று மாமி கேட்டார்.

"கேட்டுக் கேட்டு வந்தனான் மாமி."

"ஆரிட்டைக் கேட்டனீர்?"

"ஆமிக்காரரிட்டை. அவை ஒவ்வொரு சந்தியிலையும் நிக்கினம்தானே. நல்ல வசதி."

மாமி நெஞ்சில் கை வைத்தார். "விசரன்" என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு சிரித்தேன். வதனியும் சிரித்தாள். ஆனால் அவள் சிரித்த சிரிப்பு வேறு.

வதனி அந்த வீட்டுப் பெண். மாமிக்கு ஒரே மகள். தகப்பன் இல்லை. அவளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். சாதகம் பொருந்தி, இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லி, அடுத்த மாதம் கலியாண எழுத்து, அதாவது பதிவு, என்று நாளும் வைத்தாகிவிட்டது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க். வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பெரிய மாப்பிள்ளை என்று சொல்ல முடியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த நேரம் பார்த்து ஆலையே காரில் வந்து இறங்கினால் என்ன செய்வது? இவர் மாமியின் கூடப்பிறந்த தமையனுடைய மகன். வதனிக்கு முறை மச்சான். அவள் அவரை "அத்தான்" என்றாள். என்னை அதுவரை அவள் எதுவும் சொல்லி அழைத்ததில்லை.

என்னுடைய வயிறு அன்றைக்கு எரியத் தொடங்கியது. பொறாமைதான், வேறு நல்ல பெயர் தேட வேண்டாம்.

அவரிடம் நான் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று இப்போது யோசித்தால், காரை அல்ல. பாஸ்போட்டைக்கூட அல்ல. அவர் கூச்சமில்லாமல் வழி கேட்பார். அதுதான். "எனக்குத் தெரியாது, சொல்லித் தருவீங்களோ?" என்பதை அவர் சுகம் விசாரிப்பது போலச் சொல்லுவார். மீன்காரனிடம் கேட்பார், மூன்றுசில்லு ஓட்டோ ஓட்டுகிறவனிடம் கேட்பார், துவக்கோடு நிற்கிறவனின் பக்கத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக் கேட்பார். அவனும் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுப்பான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் கொழும்புக்கு வந்து நாலு வருடமாகியும் ஒருவரிடமும் வழி கேட்டதில்லை. கேட்டால், இவன் இந்த ஊர் இல்லை என்பது தெரிந்துவிடும். எந்த ஊர், எதற்கு வந்தாய், எங்கே தங்கியிருக்கிறாய், பொலிஸில் பதிந்த துண்டு எங்கே என்று பின்னாலேயே வரிசையாக வரும். பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்த தரிப்பில் இறங்கி, அங்கேதான் எனக்கு வேலை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நடப்பேன். ஒருமுறை அப்படி மாளிகாவத்தையில் இறங்கி, கொதிக்கிற வெயிலில் புதுக்கடை வரைக்கும் நடந்திருக்கிறேன். வாயைத் திறந்து ஒருவனிடம் கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை.

வதனிக்குச் சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் கம்பியூட்டர் வகுப்பு. வழக்கமாக அவள் பஸ்ஸில் போய் வருவாள். கார் வந்த பிறகு, "நான் கொண்டுபோய் விடுறன்" என்றார் அவர். மாமிக்குச் சந்தோசம். எனக்கு நித்திரை போய்விட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "அத்தானுக்கு வழி தெரியாது. நானும் கூட வாறன், காட்டிவிடுறன்" என்று சொன்னேன். அதாவது, வெள்ளவத்தையில் இருந்த நான் விடியற்காலையில் எழும்பிப் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இன்னொரு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், அங்கேயிருந்து அவருடைய காரில் ஏறித் திரும்ப வெள்ளவத்தைக்கே வந்தேன். அவர்கள் இரண்டு பேரையும் அந்தக் காருக்குள் தனியே விடக்கூடாது. அவ்வளவுதான் காரணம். இன்றைக்கு நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறுபடி அந்த வயதும் அந்தச் சனிக்கிழமையும் வந்தால் அதையேதான் செய்வேன்.

முதல் சனிக்கிழமை வெள்ளவத்தையில் ரோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டில் ஒரு கிழவி மரக்கறிப் பையோடு நின்றாள். இவர் காரை நிறுத்திவிட்டார். கடக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கிழவி அசையவில்லை. கார் ஒன்று தனக்காக நிற்கும் என்று அவள் எழுபது வருடத்தில் கண்டிருக்க மாட்டாள். பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தபடி அமத்தினான். "எடுங்கோ, எடுங்கோ, ஏசப்போறான்" என்று நான் கத்தினேன். "அவ முதல்ல போகட்டும்" என்று அவர் சிரித்துக்கொண்டு இருந்தார். கிழவி மெல்ல வந்தாள். ஆனால் ரோட்டைக் கடக்கவில்லை. காரின் கண்ணாடிக்குள் தலையை விட்டு, "என்ன ராசா, கார் நிண்டுபோச்சோ? ஆரையும் தள்ளக் கூப்பிடவோ?" என்றாள்.

வதனி பின் சீற்றில் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் கதையை மாமிக்குச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள், வகுப்பில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கிழவியின் குரலிலேயே சொன்னாள். பேசி முடித்து எட்டு மாதமாகியும் அவள் ஊருக்குச் சொல்லிச் சிரிக்க நான் ஒரு கதைகூடக் கொடுக்கவில்லை. நான் கொடுத்ததெல்லாம் தீபாவளிக்கு ஒரு சேலை.

அடுத்த கிழமை மாமி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார். முன்பெல்லாம் பாதி பகிடியாகவும் பாதி உண்மையாகவும் "மருமோன்" என்று அழைப்பார். இப்போது தமையன் மகன் வந்துவிட்டார், பிறப்பால் அவர்தான் மருமோன். நான் மறுபடி தம்பியாகிவிட்டேன்.

"தம்பி, எழுத்தை ஆவணி மட்டும் தள்ளி வைப்பமே?"

"ஏன் மாமி?"

"இல்லை... அண்ணனும் ஒருக்கா ரெலிபோனிலை கதைச்சவர். அவசரப்பட்டு என்ன?"

நோர்வேயிலிருந்து அண்ணன் என்ன கதைத்திருப்பார் என்று சொல்லித் தெரிய வேண்டுமா? "உங்கடை விருப்பம் மாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் அவர் காரைக் கழுவிக்கொண்டு நின்றார். வாடகைக் காரைக் கழுவுகிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வதனி வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அவரிடம் ஒரு மேப் இருந்தது. விமான நிலையத்தில் வாங்கியது, விரித்தால் பாய் அளவு. முன் சீற்றில் இருக்கிறபடியால் அது எப்போதும் என் மடியில்தான் கிடக்கும். அன்றைக்கு அதைப் பார்த்தேன். மாமி வீடு, அவர் தங்கியிருந்த கடற்கரை ஹொட்டேல், கோயில், வதனியின் வகுப்பு எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அதோடு துறைமுகத்திலிருந்து வெள்ளவத்தை மட்டும் வழிநெடுகப் பெருக்கல் குறி போலக் குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளடிகள்.

"இது என்ன, இந்தப் புள்ளடி?"

"அது செக்பொயின்ட் எல்லாம். நிப்பாட்டின ஒவ்வொரு இடத்தையும் குறிச்சு வைக்கிறன். எங்க எவ்வளவு நேரம் போகுமெண்டு தெரிஞ்சா, வதனியை வகுப்புக்குப் பிந்தாமல் கொண்டுபோய் விடலாம்தானே?"

நான் எங்கே வேலை செய்கிறவன் என்று சொன்னேன் அல்லவா? பிடிபட்டவர்களுக்கு மனு டைப் அடிப்பதுதான் என் வேலை. பையில் நாலு டோர்ச் பற்றரி வைத்திருந்தவனுக்கு மனு அடித்திருக்கிறேன். சிகரெட் பெட்டியின் பின்னால் துறைமுக ரோட்டுக்கு வழி கீறி வைத்திருந்த ஒரு பெடியன் பதினொரு மாதம் உள்ளே இருந்தான். அவனுடைய தாய்க்கும் நான்தான் அடித்தேன். இந்த மேப் என்ன செய்யும் என்று கொழும்பில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது.

சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வதனி பின்னாலிருந்து, "என்னைப் பிந்தாமல் விடவோ அத்தான் இவ்வளவு பாடு படுறீங்கள்?" என்றாள். அவளுடைய குரல் குழைந்திருந்தது. என் வாய் மூடிக்கொண்டது.

காலி வீதியில் மணல்மூட்டைகள் தெரிந்தன. ஓர் ஆமிக்காரன் கையை நீட்டினான். அந்த மேப்பை நாலாக மடித்துச் சீற்றுக்குக் கீழே தள்ள எனக்கு நேரம் இருந்தது. வேண்டிய நேரம் இருந்தது. நான் அதை எடுத்து டாஷ்போர்டின் மேல் விரித்து வைத்தேன்.

அவர் பிடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. வெளிநாட்டுப் பாஸ்போட்காரரை யார் பிடிப்பார்கள்? அவர் பயப்பட வேண்டும். ஒரே ஒரு தரம், வதனி பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் தினம் தினம் பயப்படுகிறோமே, அதுபோல நாக்கு உலர்ந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். டாஷ்போர்டில் வைத்தபோது அவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வைப்பரைப் போட்டார், சொறி சொன்னார், சிக்னலைப் போட்டு ஓரம் கட்டினார்.

ஆமிக்காரன் மேப்பைப் பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டான். "மேக்க காகெத?" இது யாருடையது என்று அந்த அதிகாரி கேட்டார். இவர் விளங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இங்கிலீசில் சொன்னார்: தன்னுடையதுதான், புள்ளடி எல்லாம் உங்களுடைய செக்பொயின்ட், நான் மிச்சம் கவனமாகக் குறித்திருக்கிறேன், ஏதும் பிழையிருந்தால் திருத்துங்கள்.

அந்த அதிகாரியின் முகம் இறுகியது. "இந்த இடங்களை உனக்கு யார் காட்டியது?"

அவர் என் தோளில் கை வைத்தார். "இவர்தான். இவர் இல்லாட்டி எனக்கு ஒரு வழியும் தெரியாது. எல்லாம் காட்டித் தந்தது இவர்தான்."

பெருமைப்படுத்திச் சொன்னார். பாவி மனிசன்.

என்னுடைய அடையாள அட்டையைக் கேட்டார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. "பஹின்ன" என்றார்கள். இறங்கினேன். வேலியால் போன ஓணானை நானே பிடித்து என் மடிக்குள் விட்டுக்கொண்டேன்.

பொலிஸ் நிலையத்தில் எனக்கு நடந்ததைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. அடிக்கவில்லை. நிற்க வைத்தார்கள். ஒரே கேள்வியை ஒன்பது பேர் கேட்டார்கள். சொல்ல வேண்டியது அவரைப் பற்றி. அவரைப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்து, காரையும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் போகவில்லை. வதனியை ஒரு மூன்றுசில்லில் ஏற்றி, நான் வேலை செய்யும் வழக்கறிஞர் சேருக்கு அறிவிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, பொலிஸ் நிலையத்து மரவாங்கில் வந்து உட்கார்ந்தார். "அவரை விட்டாப் பிறகுதான் நான் போவன்." காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் சாப்பிடாமல் இருந்தார். உள்ளே வருகிற போகிற ஒவ்வொரு பொலிஸ்காரரிடமும் "நான் இப்ப என்ன செய்ய வேணும்? எனக்குத் தெரியாது, சொல்லித் தாங்கோ" என்று இங்கிலீசில் கேட்டார். யாரோ ஒருவர் விளையாட்டாக, "எழுதிக் கொடு" என்று சொல்லியிருக்கிறார். கடதாசி வாங்கி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். மேப் தன்னுடையது, பேனை தன்னுடையது, பிழை தன்னுடையது, இவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எத்தனையோ வாக்குமூலம் அடித்தவன். குற்றத்தை எல்லாரும் தங்களிடமிருந்து தள்ளித்தான் எழுதுவார்கள். இழுத்துத் தன்மேல் போட்டு எழுதிய ஒரு கடதாசியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் சேர் வந்து, அந்தக் கடதாசியைக் காட்டிக் கதைத்து என்னை வெளியே எடுத்தார். மேப்பை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

நோர்வேக்காரருடைய காரில் திரும்பினோம். மேப் இல்லாதபடியால் இரண்டு இடத்தில் நிறுத்தி வழி கேட்டார். பக்கத்தில் நான் இருக்கிறேன், எனக்கு வழி தெரியும், என்னிடம் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக, இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று பட்டது.

கொட்டாஞ்சேனை வீட்டில் மாமி அழுது முகம் வீங்கிப்போய் இருந்தார். என்னைக் கண்டதும் அழுகை கோபமாகிவிட்டது.

"தம்பி, அவன் பச்சைக் குழந்தை மாதிரி, ஒண்டும் தெரியாமல் வந்தவன். நீர் கோட்டிலை வேலை செய்யிறனீர். அந்த நாசமாய்ப் போன மேப்பை மடிச்சு வையெண்டு ஒரு சொல்லுச் சொல்ல உமக்கு வாயில்லையே? பக்கத்திலைதானே இருந்தனீர்! பொலிஸிலை பேர் விழுந்த இடத்திலை நான் என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?"

கேட்க வேண்டிய கேள்வி. சரியான கேள்வி. ஆவணியும் இல்லை, ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"மாமி, அவரை ஏசாதைங்கோ" என்றார் அவர். "அவர் சொன்னவர். மடிச்சு வையுங்கோ, இது ஆபத்து எண்டு ரெண்டு தரம் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. சிரிச்சுப்போட்டு விட்டிட்டன்."

மாமி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பிறகு குசினி வாசலில் நின்ற மகளின் பக்கம் திரும்பினார். காருக்குள் இருந்த மூன்றாவது ஆள் அவள். என் கை மேப்பை விரித்ததைப் பின் சீற்றில் இருந்து பார்த்தவள்.

"ஓமோ பிள்ளை? தம்பி சொன்னவரோ?"

வதனி முதலில் அவரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் அம்மா. ரெண்டு தரம் சொன்னவர்."

மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு, "பிறகென்ன, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். ஆவணிப் பேச்சும் நோர்வே அண்ணனுடைய பேச்சும் அதோடு நின்றன; அடுத்த மாதம், முதலில் வைத்த நாளிலேயே எழுத்து நடந்தது. புத்தியுள்ள மாப்பிள்ளை என்று மாமி சாகும்வரைக்கும் ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார்.

அவர் அதற்கு முன்பே காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அங்கேயே ஒரு பிள்ளையைக் கட்டினார், மூன்று பிள்ளைகள். வருடத்தில் இரண்டு முறை ரெலிபோன் எடுப்பார். வதனி "அத்தான்" என்று தொடங்கியதும் நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். என்னோடும் கதைப்பார். "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்பார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல், ஒரு செருமல்கூட இல்லை. அதற்காகவே எனக்கு அவர்மேல் இன்னும் வயிறு எரிகிறது. கொஞ்சம் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த "ஓம்" எனக்காகச் சொன்னதா, அல்லது அவருடைய வார்த்தையைக் காப்பாற்றச் சொன்னதா என்று நான் வதனியிடம் கேட்டதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். அவள் பொய் சொன்னதை நான் அந்த ஒரு தரம்தான் கண்டிருக்கிறேன்.